விசிட்டிங் கார்டு: வாங்கியவர் தூக்கிப் போடாமல் இருக்க என்ன செய்யலாம்?

குளிர்காற்று:
கோவையில் சொந்தமாக ஏசி சர்வீஸ் தொடங்கப் போகிறேன். கார்டு அடிக்க விசாரித்த இடத்தில் கோல்டு ஃபாயில், ஸ்பாட் யூவி (சில இடங்களில் மட்டும் பளபளப்புப் பூச்சு), ஓரம் வளைத்தது என்று மாதிரி மேல் மாதிரியாகக் காட்டினார்கள், எல்லாமே அழகுதான், ஆனால் விலை எகிறுகிறது. மனதில் நிற்க அதெல்லாம் வேண்டுமா? முன்னால் ஏசி படம், பின்னால் சர்வீஸ் பட்டியலும் க்யூஆரும் என்று யோசித்திருக்கிறேன்.

மைவாசம்:
பிரஸ்காரன் என்ற முறையில் சொல்கிறேன். ஃபாயில் எல்லாம் நகைக்கடைக்குச் சரி. உங்களை மே மாதம் ஏசியில் தண்ணீர் ஒழுகும்போதுதான் தேடுவார்கள், அப்போது போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தால் போதும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கார்டு, முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன், அதாவது பளபளக்காத பிளாஸ்டிக் படலம். பின்பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம், அதன்மேல் பால்பாயின்ட் பேனா வழுக்கும். அங்கே 'அடுத்த சர்வீஸ்' என்று ஒரு கோடு விட்டு, வேலை முடிந்ததும் தேதியைக் கையால் எழுதிக் கொடுங்கள், அந்தக் கார்டைப் பத்திரமாக வைப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பான அட்டை கிடைத்தால் எழுத இன்னும் வசதி, ஆனால் பலருடைய கார்டைச் சேர்த்து ஒரே தாளில் ஓட்டுவதால்தான் 1000 கார்டு மலிவாக முடிகிறது, அட்டையை மாற்றினால் அந்த விலை வராது. கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

கொம்பு_சுழி:
தமிழில் அடிப்பதாக இருந்தால் ஒன்று. பழைய கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரில், போனில் டைப் செய்கிற யூனிகோடு தமிழைப் போட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், இல்லையென்றால் கடைக்காரர் பழைய எழுத்துருவில் திரும்ப டைப் செய்வார், அங்கே பிழை நுழையும். எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிய பிடிஎஃப்பாகக் கொடுங்கள், அதையும் வாட்ஸ்அப்பில் படமாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம், சுற்றிலும் 3 மிமீ ப்ளீட், அதாவது வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம். சின்ன எழுத்துகளுக்கு வெறும் கறுப்பு மை மட்டும், நாலு கலரும் கலந்தால் துளி விலகினாலும் மங்கலாகத் தெரியும்.

அடுப்படி_அரசி:
ஏசி படம் எதற்குங்க தம்பி? எல்லார் கார்டிலும் அதே நீலம், அதே பனித்துளி, எது யாருடையது என்றே தெரியாது. சர்வீஸ் பட்டியலும் வேண்டாம், ஏசிக்காரர் கேஸ் நிரப்புவார் என்று எங்களுக்குத் தெரியாதா? எந்த ஏரியாவுக்கு வருவீர்கள் என்று போடுங்கள். பீளமேடு, கணபதி என்று இருந்தால்தான் கூப்பிடத் தோன்றும், ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள் என்றால் அதையும் போடுங்கள். அப்புறம், நான் கார்டை வாங்கியதும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்கிற ஆள், பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் பட்டு நம்பரே தெரியாது.

குளிர்காற்று:
நன்றிங்க அக்கா, படத்தை எடுத்துவிட்டேன். தேதி யோசனை ரொம்பப் பிடித்தது அண்ணே. க்யூஆரும் வேண்டாமா?

மைவாசம்:
வேண்டுமென்றால் வையுங்கள், ஆனால் பெயரும் நம்பரும் அதற்குள்ளேயே இருக்கிற ஸ்டாட்டிக் வகை. சில இணையதளங்களில் இலவசம் என்று, அவர்கள் தளம் வழியாகவே திறக்கிற டைனமிக் க்யூஆர் கொடுப்பார்கள், இலவசக் காலமோ சந்தாவோ முடிந்தால் அது வேலை செய்யாது, மிச்சக் கார்டு எல்லாம் வீண். முகவரி, இமெயில் எல்லாம் உள்ளே திணிக்காதீர்கள், கட்டங்கள் நெருங்கிவிடும். 2 செமீக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு. மொத்தமாக ஓட்டும் முன் நிஜ அளவில் ஒரு பிரின்ட் எடுத்து, பழைய மலிவு போன் ஒன்றில் ஸ்கேன் செய்து பாருங்கள்.