கோத்தகிரியில் ஒரே மாலையில் நாடகம், கச்சேரி, ஓவியம்: எதை எங்கே வைப்பது?

கேள்வி: எஸ்டேட் மேடு

வணக்கம். கோத்தகிரி பக்கம் 150 பேர் உட்காரும் மண்டபம் ஒன்று கிடைத்திருக்கிறது. தகரக் கூரை, ஒரே ஒரு பெரிய கதவு. நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று யோசனை. கல்லூரிப் பிள்ளைகளின் 50 நிமிட நாடகம், சமவெளியிலிருந்து வருபவர்களின் புல்லாங்குழல் கச்சேரி (வயலின், மிருதங்கம் உண்டு), கோத்தர் இசையும் ஆட்டமும். பக்கச் சுவர்களில் குறும்பர் ஓவியம், தோடர் பூவேலை (மூவரும் நீலகிரிப் பழங்குடிகள்). எந்த வரிசையில் வைத்தால் சரியாக வரும்? மலையில் நடத்துவதால் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில் 1: கொடநாடு வளைவு

வரிசையை விடுங்கள், முதலில் தேதியை மாற்றுங்கள். ஊட்டிக்கு மேற்கே, கூடலூர் பக்கமெல்லாம் ஜூன், ஜூலையில் நனையும். கோத்தகிரியும் குன்னூரும் கிழக்குச் சரிவு. நம் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். தகரக் கூரையில் மழை அடித்தால் நாடகத்தில் மூன்றாவது வரிசைக்கு மேல் ஒரு வசனமும் கேட்காது. மைக் போட்டாலும் அது கூரைச் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். மண்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை அடைபடுவதும் இந்த மாதங்களில்தான்.

டிசம்பர் கடைசி, ஜனவரி வேண்டாம். கோத்தர்களுக்கு அப்போது கம்பட்டராயர் திருவிழா, படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை. இசைப்பவர்களும் வரமாட்டார்கள், பார்ப்பவர்களும் வரமாட்டார்கள். மார்ச்சில் பரீட்சை. மிச்சம் இருப்பது பிப்ரவரி. மழை இருக்காது, குளிர் மட்டும்தான்.

மாலை 5 மணியும் தாமதம். 3 மணிக்குத் தொடங்கி 7 மணிக்குள் முடியுங்கள். இருட்டிய பிறகு தேயிலைத் தோட்டப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நிற்கும். குழந்தையோடு யாரும் உட்காரமாட்டார்கள். குளிருக்கு மண்டபத்தின் நான்கு மூலையிலும் கரி அடுப்பு வைத்துவிட்டால் போதும்.

பதில் 2: கால் கட்டை

கரி அடுப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மூடிய மண்டபத்தில் கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு. நெருப்பு கட்டாயம் வேண்டும், ஆனால் வெளியே. காரணம் கீழே.

தோல் கருவி ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் தோல் தளரும், சத்தம் இறங்கி 'தொப்' என்று ஆகிவிடும். கோத்தர்களின் தபட்க் போன்ற வளையப் பறைகளை நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றுவார்கள். மண்டபத்துக்கு வெளியே, காற்று மறைவில், பந்தல் துணியிலிருந்து பத்து அடியாவது தள்ளி ஒரு நெருப்புக் குழி, காய்ந்த விறகு, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். அவர்கள் மேடை ஏறுமுன் கால் மணி நேரமாவது அங்கே நிற்க இடம் விடுங்கள். அறிவிப்பாளர் அவசரப்படுத்தக் கூடாது. பறை குளிர்ந்தால் நடுவிலும் போய்க் காட்டிவிட்டு வருவார்கள், அதைத் தடங்கலாக நினைக்காதீர்கள்.

மிருதங்கத்தை நெருப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) இருக்கும் கரும்பசை வெடித்துவிடும். அதைக் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டித்தான் ஏற்ற வேண்டும். கலைஞர்களைக் காலையிலேயே வரச் சொல்லி, உறையைக் கழற்றாமல் மண்டபத்திலேயே இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றினால் நிலைத்து நிற்கும். வந்த உடனே ஏற்றினால் இரண்டாவது கீர்த்தனையில் திரும்ப இறங்கும். தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவைப் பசையும் சூடான மண்டபத்தில் ஒட்டுவது போல் குளிரில் ஒட்டாது, கொஞ்சம் முன்னாடியே பூசச் சொல்லுங்கள்.

புல்லாங்குழல்தான் உண்மையான தலைவலி. குளிர் காற்றில் ஒலியின் வேகம் குறையும், டிகிரிக்கு ஏறத்தாழ வினாடிக்கு 0.6 மீட்டர். கோவையில் 30 டிகிரியில் சேர்த்த குழலை இங்கே 12 டிகிரியில் எடுத்தால் கணக்குப்படி சுருதி கால் கட்டை (அரைச் சுரத்தில் பாதி) இறங்கும். மூச்சுச் சூட்டில் கொஞ்சம் ஏறும். பாட்டுக்கு நடுவே கீழே வைத்தால் மறுபடி இறங்கும். அதே நேரம் வயலினின் உலோகத் தந்தி குளிரில் சுருங்கி மேலே போகப் பார்க்கும். ஒன்று இறங்க, ஒன்று ஏற, சுருதிப் பெட்டியோ தானாக நகராது. குழல்காரர் கால் கட்டை ஏறிய ஒரு குழலையும் எடுத்துவரட்டும், மற்றவர்கள் குழலுக்குச் சேர்க்கட்டும். சுருதியைக் குழலுக்கு ஏற்ப நகர்த்துங்கள், நேர்மாறாக வேண்டாம்.

மைக்கில் கன்டென்சர் வகை வேண்டாம். ஈரம் ஏறினால் படபடவென்று வெடிக்கும். டைனமிக் மைக்கே போதும். கோத்தர்களின் 'கொள்' என்ற குழலின் வாயில் மைக்கைச் சொருகாதீர்கள், அது திறந்தவெளிக்காகவே செய்த கருவி. அவர்களுக்கு முன்னால் மூன்று அடி தள்ளி, தலைக்கு மேலே ஒன்று தொங்கவிட்டால் நிறைவு.

இன்னொன்று. கோத்தர் இசையில் தெய்வத்துக்கு உரியது, இறப்புக்கு உரியது, ஆட்டத்துக்கு உரியது என்று பிரிவு உண்டு. 'கோயில் பாட்டு ஒன்று வாசியுங்கள்' என்று மேடையில் கேட்காதீர்கள். எதை வாசிக்கலாம் என்பதை அவர்களே சொல்லட்டும். ஆட்டத்துக்கு வட்டமாகச் சுற்ற 25 அடியாவது வெற்றுத் தரை வேண்டும், மேடை தேவையே இல்லை. வெயில் இருக்கும்போதே முற்றத்தில் வைத்துவிடுங்கள்.

பதில் 3: பூத்துக்குளி

சுவர் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோத்தகிரியில் பழைய சுவர் எல்லாம் ஓதம் ஏறியவை. ஓவியத்தை நேரே சுவரில் ஒட்டினால் அரை நாளில் தாள் அலையாக நெளியும். ஒவ்வொரு சட்டத்தின் பின்னாலும் கீழ் மூலைகளில் ஒரு செ.மீ. தடிமனில் தக்கைத் துண்டு ஒட்டுங்கள், காற்று ஓடும். கண்ணாடியும் தாளும் தொடாமல் நடுவில் அட்டைச் சட்டம் கட்டாயம். தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும், பிரிக்க முடியாது. முன்கூட்டியே கொண்டுவந்து அலமாரியில் வைப்பதானால் உள்ளே ஒரு குண்டு பல்பு எரியவிடுங்கள், ஓவியத்திலிருந்து ஒரு அடி தள்ளி. பூஞ்சை வராது.

குறும்பர் ஓவியத்தில் பழுப்புக்கு வேங்கைப் பிசின், பச்சைக்கு இலைச்சாறு. வேங்கை நிற்கும், இலைப் பச்சை வெயிலில் வெளுத்துவிடும். ஜன்னல் எதிர்ச் சுவரில் அதை மாட்டாதீர்கள். மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம்.

தோடர் பூவேலையில் பெரும்பாலோர் தவறு செய்வது எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதில். வெள்ளைப் பருத்தித் துணியில் இழையை எண்ணி எண்ணி, சிவப்பும் கறுப்பும் வைத்துத் தைப்பார்கள், வரைந்து தைப்பதில்லை. நூல் மேடாக, சொரசொரப்பாக நிற்கும் பக்கத்தைத்தான் அவர்கள் விரும்புவார்கள். நம் கண்ணுக்கு அது உள்பக்கம் மாதிரித் தெரிவதால் திருப்பி மாட்டிவிடுகிறோம். ஒரு பக்கம் தெரியாமல் சுவரில் அறைவதற்குப் பதில், மூங்கில் கழியில் போட்டு நடுவில் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் பார்க்கலாம். குண்டூசி வேண்டாம், ஈரத்தில் துருக் கறை பிடித்தால் வெள்ளைத் துணியில் போகாது. விற்கப் போகிறீர்கள் என்றால், 2013இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷின் தையலைப் பக்கத்தில் வைத்து அதே பேரில் விற்காதீர்கள்.

எஸ்டேட் மேடு

நன்றி, பிப்ரவரி இரண்டாவது சனிக்கு மாற்றிவிட்டேன். கோத்தர் 3 மணி முற்றம், பிறகு கச்சேரி, கடைசியில் நாடகம் என்று வைத்தால்? விளக்குக்கு ஆயிரம் வாட் பார்கேன் (மேடை விளக்கு) பன்னிரண்டு தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில் 4: கொடநாடு வளைவு

அடுப்பு விஷயத்தில் 'கால் கட்டை' சொன்னதுதான் சரி.

வரிசை நன்று. ஆனால் பன்னிரண்டு பார்கேன் என்றால் 12 கிலோவாட், 50 ஆம்பியருக்கு மேல். அந்த மண்டபத்து மீட்டர் தாங்காது. 150 வாட் எல்இடி பார் பன்னிரண்டு வைத்தால் 8 ஆம்பியருக்குள் முடியும். கதவு திறந்தே இருந்தால் பனிமூட்டம் உள்ளே வரும். எதிரிலிருந்து விளக்கடித்தால் அது வெள்ளைத் திரை கட்டியது போல் ஆகி நடிகர் முகம் மங்கும். பக்கத்திலிருந்து, உயரத்திலிருந்து அடியுங்கள். கதவில் கனத்த திரை இரண்டு, இடையில் ஆறடி விட்டு. புரொஜெக்டரை இரவெல்லாம் வண்டியில் குளிரவிட்டு, ஜனம் நிறைந்த மண்டபத்தில் திறந்தால் லென்ஸில் நீர் கோத்துவிடும். பெட்டியோடு உள்ளே வைத்து மூன்று மணி நேரம் கழித்துத் திறக்கவும்.

வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள், நீலகிரிப் பதிவு வண்டிக்குத் தேவையில்லை. மைசூரிலிருந்து யாராவது வந்தால் பந்திப்பூர் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், திரும்பும் நேரத்தை முன்னமே பேசிவிடுங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில் தடை. வருபவர்களுக்கு டம்ளரில் சுக்குக் காபி, பெரிய பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர் போதும்.

கலைஞர்களுக்குச் சம்பளத்தை அன்றே கையில் கொடுங்கள். கோத்தர் குழுவுக்கு 5 மணிக்கே ஜீப்.