பல்கேரியால மடாலய அகழாய்வு நடந்த இடங்களைப் பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நான் பார்த்தது ஸ்வெதி இவான் தீவு, சொஸோபோல் ஊருக்கு எதிர்ல கருங்கடல்ல இருக்கு. 2010ல அங்க தோண்டினப்ப பழைய சர்ச்சோட பலிபீடத்துக்கு அடியில ஒரு சின்ன பளிங்குப் பேழை கிடைச்சுது, உள்ள எலும்புத் துண்டுங்க, ஒரு பல். இயேசுவுக்கே ஞானஸ்நானம் கொடுத்த திருமுழுக்கு யோவானோடதுன்னு உலகம் பூரா நியூஸ் ஓடுச்சு, எங்க படகுக்காரரும் அதையேதான் சொல்லிட்டு வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு விரல் எலும்பை வயசு கண்டுபிடிக்கிற ரேடியோகார்பன் டெஸ்ட் பண்ணி முதல் நூற்றாண்டுன்னு 2012ல சொன்னாங்க, டிஎன்ஏ பார்த்ததுல ஒரே ஆம்பளையோடதுதான்னு வந்துச்சு, அவ்ளோதான், யோவான்னு யாரும் நிரூபிக்கல. கூடவே ஆடு, மாடு, குதிரை எலும்பும் கலந்து கிடந்துச்சு, இதை விட்டுட்டு பாதிக் கதையை மட்டும் பரப்புறது ரொம்பத் தப்புங்க.

எனக்கு அந்தப் பேழையை விட, பக்கத்துலயே கிடைச்ச எரிமலைக்கல் பெட்டிதான் பெருசாப் படுது. கடவுளே உன் ஊழியன் தோமாவைக் காப்பாத்துன்னு கிரேக்கத்துல வெட்டியிருக்கு, யோவான் பேரும் அவர் பிறந்த திருநாள் ஜூன் 24ம் இருக்கு. பட்டம் இல்ல, பதவி இல்ல, வெறும் ஊழியன் தோமா. அந்தப் புனிதப் பொருளை பத்திரமா கொண்டுவந்து சேர்த்தது அவராத்தான் இருக்கணும்னு நினைக்கிறாங்க.

---

அருமையா சொன்னீங்க சார். தோமா மாதிரி பட்டம் பதவி இல்லாத ஆளுங்க கீறி வச்சதைக் கூட்டமாப் பார்க்கணும்னா ராவ்னா மடாலயம் போங்க, வர்னாவுக்கு மேற்கால ப்ரொவாதியா பக்கம். 889 ஏப்ரல் 23ல சர்ச்சை அர்ப்பணிச்சாங்கன்னு அங்க கிடைச்ச கல்வெட்டே சொல்லுது. அதைத் தோண்டினவர் கசிமிர் போப்கான்ஸ்தான்தினோவ், நீங்க சொன்ன பேழையைக் கண்டுபிடிச்சவரும் அவரேதான்.

இப்ப நிக்கிறது தாழ்வான சுவருங்கதான், சும்மா போனா ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும். ஆனா அந்தச் சுண்ணாம்புக்கல்லுங்கள்ல 300க்கு மேல எழுத்துக் கீறல் எடுத்திருக்காங்க, கிரேக்கம், ஸ்லாவிய மொழிக்குன்னே உண்டாக்கின கிளகோலிட்டிக், சிரிலிக், கிறிஸ்தவத்துக்கு முன்னாடி பல்கர்கள் கீறின கோட்டெழுத்தான ரூன்னு எல்லாம் கலந்து, படங்கள் ஆயிரக்கணக்குல. ஒரு கல்லைக் கிட்டத்துல பார்த்தேன், குதிரை வரைஞ்சிருக்கான், முன்னங்கால் கோடு வழுக்கி வெளிய ஓடிருச்சு, அதே இடத்துல மறுபடி அழுத்திக் கீறியிருக்கான், அப்படியே நின்னுட்டேன்.

யோசிச்சுப் பாருங்க, மன்னர் போரிஸ் 864 வாக்குலதான் கிறிஸ்தவத்துக்கு மாறினார், ஸ்லாவிய மொழியில கிறிஸ்தவத்தைப் பரப்பின மெத்தோடியஸோட சீடர்கள் 886ல வந்து சேர்ந்தாங்க, மூணே வருஷத்துல இந்த சர்ச். ஸ்லாவிய எழுத்தே புதுசா கத்துக்கிட்டிருந்த காலம் அது. கோட்டை, அரண்மனைக்கு வர்ற கூட்டத்துல கால்வாசி கூட இங்க வராதது மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

---

சோஃபியா போறவங்க தொல்லியல் மியூசியத்துல பாத்லெய்னா மடாலயத்து புனித தியோடர் ஐகானையும் (வழிபாட்டுப் படம்) விட்டுடாதீங்க. 1909ல பழைய பல்கேரியத் தலைநகர் ப்ரெஸ்லாவ் பக்கத்துல துண்டு துண்டா எடுத்தது, பலகையில வரையல, சுட்ட மண் ஓடுங்களை அடுக்கிச் செஞ்ச முகம். அந்தக் கண்ணு ரெண்டும் இன்னும் மங்கல.