மறு: [கலைச்சொல்] நியூரோஜெனிசிஸ்: நரம்பணு ஆக்கமா, பிறப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நியூரோஜெனிசிஸ், அதாவது மூளையில் புது நரம்பணு (நியூரான்) உண்டாவது, அதற்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், மூன்று நாளில் பதினெட்டு மடல். எல்லோருக்கும் நன்றி.

> 'நரம்பு மீளுருவாக்கம்' போதும். யாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். அறுபட்ட நரம்பிழை திரும்ப வளர்வதுதான் மீளுருவாக்கம். இங்கே குருத்தணுவிலிருந்து (ஸ்டெம் செல்) புது நரம்பணு பிறக்கிறது. அப்படிப் பிறப்பதால் இழந்தது மீண்டுவிடுவதில்லை. 2002இல் சுவீடனின் லுண்ட் ஆய்வாளர்கள், பக்கவாதம் உண்டாக்கிய எலிகளில் புது அணுக்கள் சேதமான இடத்துக்கு நகர்வதைக் கண்டார்கள். சில வாரங்களில் ஐந்தில் நான்கு பங்கு செத்துவிட்டது. பக்கவாதத்தில் மாண்ட நரம்பணுக்களில் ஈடானது 0.2 சதவீதம்தான். என் அப்பா பக்கவாதத்தில் மூன்று வருடம் படுத்திருந்தார். வலக்கை விரல் லேசாக அசைந்தாலே எல்லோரும் ஓடிப்போய்ப் பார்ப்போம். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் 'மீள்' என்ற சொல்லைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

> நரம்பு என்றால் யாழ் நரம்பு. தொல்காப்பியமே சான்று. உடலுக்கு ஏற்றியது பிற்கால வழக்கு.

இல்லை ஐயா. 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்றோள்' என்று புறநானூறு 278 கிழவியின் தோளைத்தானே பாடுகிறது? நரம்பணு இருக்கட்டும். அணுவுக்குப் பதில் கலம் என்று வைத்து 'நரம்புக்கலம்' கேட்ட யாழ்ப்பாணத்து அக்காவுக்காக அடிக்குறிப்பில் அதையும் சேர்க்கிறேன்.

ஆக்கம் என்றால் ஆக்குபவர் யார் என்ற கேள்வி வருகிறது. ஆகு தன்வினை, ஆக்கு பிறவினை. ஆய்வகத்தில் செய்வதை ஆக்கம் என்போம், மூளையில் தானாக நடப்பது பிறப்பு. வளர்ந்த மனிதர்களிடம் அது நடக்கிறதா என்பதே இன்னும் தீராத சர்ச்சை. 2018இல் ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று, வளர்ந்தவர்களின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கான மூளைப் பகுதி) புது அணு தென்படவே இல்லை என்றது. மற்றது 79 வயதுக்காரரிடமும் கண்டது.

அந்த அணுக்கள் பிறக்கும் இடத்துக்கு 'நாற்றங்கால்' என்று ஒருவர் எழுதினாரே, அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நாற்று இருந்தும் பாடுவாசி (நட்ட பயிர் செத்த இடைவெளி) நிரம்பாத வயலைப் பார்த்தவருக்கு மீதியை விளக்க வேண்டியதில்லை.

சரி, 'நரம்பணுப் பிறப்பு' என்றே அனுப்புகிறேன்.

---

> 'நரம்பணுப் பிறப்பு' என்றே அனுப்புகிறேன்.

அனுப்புங்கள், தடுக்கவில்லை. ஆனால் நியூரோஜெனிக் என்று அடைமொழி வரும்போது என்ன செய்வீர்கள்? 'நரம்பணுவாக்க' என்றால் எந்தப் பெயரோடும் ஒட்டும். 'நரம்பணுப் பிறப்பு மருந்து' என்று எப்படி எழுதுவது? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.