டயாபிருக்குத் தமிழ்ச் சொல்: உப்பூடுருவியா, உப்புப் பிதுக்கமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முதலாண்டு நிலவியல் பாடநூலில் மெக்சிகோ வளைகுடா பற்றிய பாடம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை தர வேண்டும். 'டயாபிர்' (diapir), அதாவது அடியிலிருந்து மேலெழும் உப்புத் திரள், என்ற இடத்தில் நிற்கிறேன்.

அங்கே சுமார் 16-17 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்தது லூவான் உப்பு என்னும் தடித்த உப்படுக்கு. அதன்மேல் மிசிசிப்பி போன்ற ஆறுகளின் வண்டல் கிலோமீட்டர் கணக்கில் ஏறியிருக்கிறது. உப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2 கிராம்; எவ்வளவு ஆழத்தில் புதைந்தாலும் அது இறுகுவதில்லை. வண்டலோ இறுகி, ஆழத்தில் உப்பைவிடக் கனமாகிவிடுகிறது. பளு ஏறிய இடத்தில் உப்பு விலகிப் பக்கத்தில் எழுகிறது. விலகிய இடம் தாழ்கிறது. கண்டச் சரிவில், அதாவது ஆழ்கடலை நோக்கி இறங்கும் கடலடிச் சரிவில், இப்படித் தாழ்ந்த பள்ளங்களுக்குச் 'சிறுபடுகை' என்று போட்டுவிட்டேன். எழுகிற உப்புக்கு என்ன பெயர்?

மறுமொழி:

தம்பி, 'உப்பூடுருவி'. கிரேக்க வேருக்குத் துளைத்துச் செல்லுதல் என்றுதான் பொருள். நம் 'ஊடுருவு' அதற்கு அப்படியே பொருந்தும். இன்னொன்றும் உண்டு. தமிழில் உப்பு என்பது பெயர். உப்புதல், அதாவது வீங்குதல், வினை. இரண்டும் ஒரே வேர் என்பது என் துணிபு. அதனால் 'உப்பெழல்' என்றாலும் ஏற்பேன். 'டயாபிர்' என்றே எழுதுவதை மட்டும் ஏற்க முடியாது.

மறுமொழி:

ஐயா, ஒலி ஒத்திருப்பது மட்டும் வேருக்குச் சான்றாகாது. உப்புவது என்றால் மாணவருக்குப் பூரிதான் நினைவுக்கு வரும், உள்ளே காற்று. 'ஊடுருவி' அதைவிடச் சிக்கல். எரிமலைக் குழம்பின் ஊடுருவலுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. அதோடு உப்பு எப்போதும் துளைப்பதில்லை. தலை கடலடிக்கு அருகிலேயே இருக்க, சுற்றிலும் வண்டல் படிந்து தாழ்வதால் தூண் வளர்வதும் உண்டு. நிலவியலாளர் பார்டன் 1933இலேயே இதைச் சொல்லிவிட்டார். பெயரிலேயே 'துளை' இருந்தால் பிள்ளைகள் தவறாகத்தான் படிப்பார்கள். சேற்றை மிதித்தால் விரலிடுக்கில் வருகிறதே, அது பிதுக்கம். 'உப்புப் பிதுக்கம்' என்போம்.

அப்புறம், மேல் சிறுபடுகை நிரம்பி, மணல் வழிந்து அடுத்த படுகைக்கு இறங்குவதற்கு என்ன எழுதினீர்கள்? எங்கள் ஊரில் ஏரி நிரம்பினால் 'மறுகால் பாயுது' என்பார்கள். 'நிரம்பி மறுகால் பாய்தல்' என்று தாராளமாக எழுதலாம்.

மறுமொழி:

மறுகாலை அப்படியே எடுத்துக்கொண்டேன், அக்கா. அந்தப் பத்தி இப்போதுதான் தமிழாக இருக்கிறது.

ஆனால் வளைகுடாவின் கண்டச் சரிவு முடியும் சிக்ஸ்பீ செங்குத்துச் சரிவில் உப்பு இளைய வண்டலின்மேல் தகடாகவே பரவிக் கிடக்கிறது. அதையும் பிதுக்கம் என்றால் சரியாக வராது. 'உப்புப் போர்வை' என்று தனியே வைக்கிறேன்.

மறுமொழி:

பிதுக்கம் வயிற்றுப் பிணிக்கு ஆகும் சொல், பாடநூலுக்கு ஆகாது. நான் சொன்ன 'உப்பூடுருவி'யிலேயே நிற்கிறேன்.

மறுமொழி:

ஐயா, இதுவரை வந்த தனிமடல்களில் 4 பேர் பிதுக்கம், 2 பேர் ஊடுருவி. பாடத்தில் பிதுக்கம் என்றே அனுப்புகிறேன். சொல்லடைவில் அதற்குப் பக்கத்தில் உங்கள் உப்பூடுருவியும் இருக்கும்.