10×9 அடி அறை, ஆரல்வாய்மொழி – நாகர்கோவில் லேஅவுட்: எச்.ஓ.வா, என் ஸ்கேலா?

ஒழுகினசேரி:
மாடியில் 10×9 அடி அறை, கதவு ஒரு மூலையில். அதில் மாதிரி ரயில் (மாடல் ரயில்) லேஅவுட் ஒன்று போட ஆசை. ஆரல்வாய்மொழிக் கணவாய், காற்றாலைகள், நாகர்கோவில் ஜங்ஷன் எல்லாம் சேர்ந்து ஒரே சுற்றாக வரவேண்டும். ஐசிஎஃப் (சென்னைப் பெரம்பூர் தொழிற்சாலை) நீலப் பெட்டிகள்தான் ஓடணும். எந்த அளவில் செய்வது என்று எங்கே கேட்டாலும் எச்.ஓ. என்கிறார்கள். இந்த அறைக்கு அது சரிப்படுமா, இல்லை என் ஸ்கேலுக்குப் போவதா? 8×4 பிளைவுட் ஒன்றை நடுவில் போட்டால் போதுமா? கடல்காற்றுக்குத் தண்டவாளம் தாங்குமா?

தக்கலை டீசல்:
எச்.ஓ.வே எடுங்க. அசலில் 87-ல் ஒரு பங்கு (1:87), அதாவது அசலின் ஓர் அடிக்கு மாடலில் 3.5 மி.மீ. இந்த அளவில் பெட்டியைக் கையால் பிடித்துத் தண்டவாளத்தில் ஏற்றலாம், ஜன்னல் கம்பியைத் தனியாக ஒட்டலாம். இன்ஜினுக்குள் டீகோடருக்கும் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை இயக்கும் சின்ன சர்க்யூட்) சின்ன ஸ்பீக்கருக்கும் இடம் இருக்கும். அதைவிடப் பெரிய லாபம் உதிரிபாகம்தான். 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம், சக்கரம், கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி), கியர் எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும். ஒரு கம்பெனி வண்டி இன்னொரு கம்பெனி பாதையில் ஓடும்.

என் ஸ்கேல் 1:160, பாதை 9 மி.மீ. இன்ஜினும் 15 ஐசிஎஃப் பெட்டியும் சேர்ந்து சுமார் 2.2 மீட்டரில் அடங்கிவிடும். எச்.ஓ.வில் இன்ஜினும் 7 பெட்டியும் போட்டாலே 2 மீட்டர். நீள வண்டி கணவாயில் வளைந்து போவதுதான் உங்கள் ஆசை என்றால் என் ஸ்கேலைத் தள்ளிவிட முடியாது. ஆனால் வண்டி எடை குறைவு, பாதையில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலே இன்ஜின் நின்றுவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: அமெரிக்கப் பவர் பேக் (பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) 120 வோல்ட்டுக்கு உள்ளது. நம்ம 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும்.

வள்ளியாறு:
8×4 பலகை வேண்டாம். 4 அடி அகலத்தில் வளைவு ஆரம் 22 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 55 செ.மீ.க்கு மேல் போகாது. ஐசிஎஃப் பெட்டி உடல் 21.3 மீட்டர், எச்.ஓ.வில் 245 மி.மீ. பெட்டி நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆரம் இருந்தால்தான் நம்பி ஓட்டலாம். மூன்று மடங்கு இருந்தால் பார்க்கவும் கொள்ளாம். அதாவது 61 முதல் 74 செ.மீ.

இரட்டைப் பாதை போட்டால் இன்னும் மோசம். 55 செ.மீ. வளைவில் பெட்டியின் நடு சுமார் 6.5 மி.மீ. உள்ளே சரியும், முனை 7 மி.மீ. வெளியே தள்ளும். பெட்டி அகலம் 37. கூட்டினால் 50.5. இரண்டு பாதைகளின் மையங்களுக்கு நடுவே வழக்கமான இடைவெளி 51, மிச்சம் அரை மி.மீ.தான். எதிரெதிர் வண்டி உரசாமல் போகாது. வளைவில் 60 மி.மீ. விடுங்க.

சுவரை ஒட்டி 45 செ.மீ. அகலத்தில் நான்கு பக்கமும் தட்டு அடியுங்க. மூலையில் 75 செ.மீ. ஆரம் தாராளமாகக் கிடைக்கும். வளைவு வரும் இடத்தில் மட்டும் தட்டின் உள்மூலையை முக்கோணமாக நிரப்பணும். கதவுக்கு நேரே தூக்கி எடுக்கிற பாலம். அதன் இரு முனையிலும் மின்தொடர்பை ஒரு ஸ்விட்ச் வழியாகக் கொடுங்க. பாலத்தை எடுத்ததும் அதற்கு முந்தின ஒரு மீட்டரும் மின்சாரம் இழக்கணும், இல்லையென்றால் இன்ஜின் தரையில்தான்.

தோவாளை 1676:
அளவு பற்றி ஒரு விஷயம் இங்கே யாரும் சொல்லலை. எச்.ஓ.வின் 16.5 மி.மீ. பாதை, அசலில் 1435 மி.மீ. கேஜுக்கு (தண்டவாளங்களின் இடைவெளி) உரியது. நம்ம மாவட்டத்தில் 1979-ல் ரயில் வந்ததே பிராட் கேஜாகத்தான், அதாவது 1676 மி.மீ. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். அதனால் எச்.ஓ. பாதையில் ஐசிஎஃப் பெட்டி குறுகலான தண்டவாளத்தில் நிற்பதுபோல் தெரியும். முன்னால் நின்று பார்க்கும்போது உறுத்தும், பக்கவாட்டில் தெரியாது.

பெட்டிகளை நீங்களே செய்வதாக இருந்தால் ஓர் அடிக்கு 3 மி.மீ. எடுங்க, அதாவது 1:101.6. பிராட் கேஜ் 5½ அடி. மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5. பாதை, சக்கரம், கப்ளர் எல்லாம் எச்.ஓ. பொருளே. எச்.ஓ. அளவில் 3டி பிரிண்ட் ஃபைல் இருந்தால் 85.7 சதவீதமாகக் குறைத்தால் போதும். பெட்டி 210 மி.மீ. ஆகிவிடும், 55 செ.மீ. வளைவிலும் போகும். மனித உருவங்களுக்குக் கட்டட மாடல் செய்பவர்கள் வாங்கும் 1:100 பொம்மைகள் பொருந்தும். இன்ஜினுக்குக் கீழே எச்.ஓ. அமெரிக்க டீசல் சேஸி (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம்) வைத்தால் சக்கரம் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கடையில் வாங்கிய எச்.ஓ. வண்டியை மட்டும் பக்கத்தில் நிறுத்தாதீங்க.

ஒழுகினசேரி:
அருமை அண்ணா. பெட்டி நானேதான் செய்யப் போகிறேன். எடை எவ்வளவு வைக்கணும்? கடல்காற்று விஷயமும் சொல்லுங்க.

குளச்சல் கரை:
நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளம் மட்டும் வாங்குங்க. இரும்பு நம்ம ஊரில் துருப்பிடிக்கும். பித்தளையில் படியும் கறை மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வரும் கறுக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போகும். உப்புத்தாள் போடாதீங்க, அந்தக் கீறலில்தான் அடுத்த அழுக்கு பிடிக்கும்.

தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை நம்பி மின்சாரம் கொண்டுபோனால் உள்ளே கறை ஏறி இணைப்பு விட்டுவிடும். ஒவ்வொரு 3 அடி ஃபிளெக்ஸ் (வளைக்கக்கூடிய பாதை) துண்டுக்கும் தனி ஒயர் சால்டர் செய்து, அடியில் ஓடும் 1.5 சதுர மி.மீ. ஒயரில் சேருங்க. சால்டருக்கு ரோசின் ஃபிளக்ஸ்தான் (பற்றவைக்கத் தடவும் பசை), ஆசிட் ஃபிளக்ஸ் பச்சை பூத்து அரித்துவிடும். நமக்கு இரண்டு மழைக்காலமும் உண்டு, மரம் ஊதிச் சுருங்கும். 12 மி.மீ. மரைன் பிளைவுட், 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம், வெட்டிய விளிம்புக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட். நேர்பாதையில் துண்டுக்குத் துண்டு அரை மி.மீ. இடைவெளி விடுங்க, இல்லாவிட்டால் பாதை வளைந்து மேலெழும்.

எடைக்கு அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் எச்.ஓ. கணக்கு 1 அவுன்ஸும், அங்குலத்துக்கு அரை அவுன்ஸும். 210 மி.மீ. பெட்டிக்கு சுமார் 145 கிராம், பெட்டியின் எடையும் சேர்த்து. வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இங்கே எளிதாகக் கிடைக்கும். போகிகளுக்கு (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதிகள்) மேலே, தரையோடு தரையாக இரண்டு பக்கமும் சமமாக வையுங்க. வெள்ளைப் பசையால் மட்டும் ஒட்டக்கூடாது. ஈயம் அதோடு சேர்ந்து வெண்பொடியாக ஊதி, நாளாவட்டத்தில் பெட்டியையே பிளந்துவிடும். எபாக்சி போடுங்க, வேலை முடிந்ததும் கை கழுவுங்க.