ட்ராவல் ட்ரெய்லருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி: 3,800 டாலர் கொடுக்கலாமா?

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் புது ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) ஒன்றுக்கு விலை பேசி முடித்தாயிற்று. 27 அடி, ஒரே ஒரு ஸ்லைட் அவுட் (நிறுத்தியதும் வெளியே தள்ளி இடத்தைக் கூட்டும் பகுதி). இப்போது டீலர் 7 வருட எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஒன்றை நீட்டுகிறார். 3,800 டாலர், டிடக்டிபிள் (பழுது பார்க்கும்போது நாம் கட்ட வேண்டிய பங்கு) 200. கம்பெனி வாரண்டி 1 வருடம். "இன்றைக்கு எடுத்தால்தான் இந்த விலை, கடனோடு சேர்த்துவிட்டால் மாதம் 36 டாலர்தான்" என்கிறார். கடன் 15 வருடம், வட்டி 8 சதவீதம். வருடத்தில் ஐந்தாறு வாரம் வெளியே போவோம். சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்வேன். கேஸ், ஏசி பக்கம் போகமாட்டேன். எடுக்கலாமா?

சக்கரம்:
முதலில் அந்த 36 டாலர் கணக்கு. 15 வருடம் கட்டினால் 3,800 என்பது ஏறக்குறைய 6,500 ஆகிவிடும். பாதுகாப்பு 7 வருடத்தில் முடியும், தவணை மீதி 8 வருடமும் ஓடும். எடுப்பதாக இருந்தாலும் கடனில் சேர்க்காதீர்கள்.

"இன்றைக்கு மட்டும்" என்பதை நம்ப வேண்டாம். கம்பெனி வாரண்டி ஓடும் வரை இதைப் பெரும்பாலும் வெளியிலும் வாங்கலாம். டீலர் சொல்லும் விலையில் அவருக்குப் பெரிய பங்கு இருப்பதால் பேரமும் பேசலாம். இன்னொன்று: 7 வருடம் எந்தத் தேதியிலிருந்து? வாங்கிய நாளிலிருந்து என்றால் முதல் வருடம் கம்பெனியே பார்க்கிறது. நீங்கள் காசு கொடுப்பது 6 வருடத்துக்கு, அதாவது வருடம் 630 டாலருக்கு மேல்.

இதை வாரண்டி என்று விற்றாலும் சட்டப்படி இது சர்வீஸ் கான்ட்ராக்ட். வாரண்டி பொருளின் விலைக்குள்ளேயே வருவது. இது தனிக் காசுக்கு வாங்கும் ஒப்பந்தம். 1975-இன் மேக்னசன்-மாஸ் சட்டப்படி இதன் நிபந்தனைகளைத் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் வண்ணப் பிரசுரத்தைத் தள்ளிவைத்துவிட்டு முழு ஒப்பந்தத்தின் மாதிரிப் பிரதியைக் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கூரைமேல்:
நான் பாகங்கள் பக்கமிருந்து சொல்கிறேன். தானே ஓடும் மோட்டார் ஹோமில் இன்ஜினும் கியர்பாக்ஸும் உண்டு, ஒன்று போனால் பல ஆயிரம் டாலர். இழுத்துச் செல்லும் ட்ரெய்லரில் அது இல்லை. ட்ரெய்லரை உண்மையில் அழிப்பது தண்ணீர். கூரை ஓரம், ஜன்னல் விளிம்பு, ஸ்லைட் மூலை வழியாக இறங்கி உள்ளே மரச்சட்டத்தை அழுக வைக்கும், பக்கச்சுவர் ஃபைபர் கிளாஸ் உப்பிக்கொண்டு பிரியும். எல்லாவற்றிலும் பெரிய செலவு இதுதான். இந்த ஒப்பந்தங்களில் அநேகமாக எப்போதும் விலக்கப்பட்டிருப்பதும் இதுதான். விலக்குப் பட்டியலில் சீலன்ட் (இணைப்புகளில் தண்ணீர் புகாமல் பூசும் பசை), ஒழுகல், துரு, உறைபனி, டயர், பேட்டரி, ஆனிங் (வெளியே விரிக்கும் நிழல்கூரை) துணி எல்லாம் வரிசையாக இருக்கும்.

மீதி என்ன போகும்?

ஃப்ரிட்ஜ்: கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகையா, 12 வோல்ட் கம்ப்ரஸர் வகையா என்று பாருங்கள். அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜை வண்டி சாய்ந்து நிற்கும்போது ஓட்டினால் அம்மோனியாக் கரைசல் சரியாகச் சுற்றாது. கீழே பாய்லர் அளவுக்கு மீறிச் சூடாகி, துருவைத் தடுக்கக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் படிந்து குழாயை அடைத்துவிடும். பின்பக்கம் மஞ்சள் படிவமோ அம்மோனியா வாடையோ வந்தால் கூலிங் யூனிட்டின் கதை முடிந்தது.

ஏசி: கம்ப்ரஸர் உறுமுகிறது, ஓடவில்லை என்றால் முதலில் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள், சில பத்து டாலர் பாகம்தான். கம்ப்ரஸரையே கொல்வது கேம்ப்கிரவுண்டின் தாழ்ந்த மின்னழுத்தம். 104 வோல்ட்டுக்குக் கீழே போனால் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை மாட்டுங்கள். வெறும் சர்ஜ் ப்ரொடெக்டர் தாழ்ந்த மின்னழுத்தத்தைப் பிடிக்காது.

ஃபர்னஸ் (கேஸில் ஓடும் அறை ஹீட்டர்): காற்றாடி சுற்றும், நெருப்பு பற்றாது. பல சமயம் பேட்டரி பலவீனம், இல்லையென்றால் காற்றோட்டத்தை உணரும் செயில் சுவிட்சில் தூசி.

வாட்டர் ஹீட்டர்: எஃகுத் தொட்டி என்றால் ஆனோட் ராடை (தொட்டி துருப்பிடிக்காமல் தான் கரையும் உலோகக் கம்பி) கழற்றிப் பார்த்து, முக்கால்வாசி கரைந்ததும் மாற்ற வேண்டும். அலுமினியத் தொட்டிக்கு அது கிடையாது.

ஸ்லைட் மோட்டார், கன்ட்ரோல் போர்டு, கன்வெர்ட்டர் (வெளி மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றுவது): இவைதான் ஒப்பந்தம் நிஜமாகவே காசு கொடுக்கும் இடம். ஆனால் ஒரே ஸ்லைட் உள்ள வண்டியில் இவை எத்தனை முறை போய்விடும்?

உங்களுக்கு என் பதில்: வேண்டாம். அந்தக் காசைத் தனியாகப் போட்டு வையுங்கள். அதில் கொஞ்சம் எடுத்து, வண்டியைக் கையில் வாங்கும் முன் சான்றிதழ் பெற்ற ஆர்வி (இந்த மாதிரி வண்டிகளின் பொதுப்பெயர்) இன்ஸ்பெக்டரை வைத்துச் சோதியுங்கள். புது வண்டிக்கும் சோதனை தேவை. ஃபேக்டரிக் குறைகளை முதல் வருடத்துக்குள் கம்பெனி தலையிலேயே கட்டிவிடலாம்.

நூலேணி:
கூரைமேல் சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் எல்லாருக்கும் "வேண்டாம்" என்று சொல்லிவிட முடியாது. மூன்று நான்கு ஸ்லைட், வண்டியைத் தானே சமமாக நிறுத்தும் ஹைட்ராலிக் லெவலிங், இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டி, ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவர், திடீரென்று 2,000 டாலர் புரட்ட முடியாதவர் என்றால் கணக்கு மாறும். வண்டியிலேயே குடியிருப்பவர் மட்டும் கவனம்: முழுநேரக் குடியிருப்பையும் வாடகைக்கு விடுவதையும் பல ஒப்பந்தங்கள் விலக்குகின்றன.

எடுப்பவர்கள் படிக்க வேண்டிய இடங்கள் இவை. விலக்கியதைத் தவிர மற்றதெல்லாம் உண்டு என்கிற வகையா, பட்டியலில் உள்ளது மட்டும் உண்டு என்கிற வகையா? இரண்டாவதை வாங்காதீர்கள். டிடக்டிபிள் ஒரு வருகைக்கா, ஒவ்வொரு பாகத்துக்குமா? ஒரே நாளில் மூன்று பழுது என்றால் 200-க்கும் 600-க்கும் உள்ள வித்தியாசம் அது. தேய்மானத்தால் வரும் பழுது உண்டா? இல்லை என்றால் பாதி கிளெய்மை அந்த ஒரு சொல்லை வைத்தே மறுக்கலாம்.

பிறகு லேபர். உதாரணத்துக்கு: பாகம் 900, மூன்று மணி நேர வேலை மணிக்கு 190 வீதம் 570, பழுதைக் கண்டுபிடிக்க 190, பாகத்தை வரவழைக்க 80. மொத்தம் 1,740. ஒப்பந்தம் மணிக்கு 150 வரைதான் தரும், டயக்னோஸ்டிக்கும் ஷிப்பிங்கும் கிடையாது என்றால் 900 கூட்டல் 450, கழித்தல் 200. அவர்கள் தருவது 1,150, உங்கள் கைக்காசு 590.

ஒப்பந்த நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் ஒரு ஸ்க்ரூ கூடக் கழற்றக் கூடாது. பிரித்துப் பார்த்த பிறகு "இது விலக்கு" என்று சொன்னால் பிரித்த கூலியும் உங்களுடையது. வீல் பேரிங்கை 12 மாதம் அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை பார்த்த ரசீது, கூரை சீலன்ட்டைச் சோதித்த தேதியிட்ட படங்கள், எல்லாம் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும்.

கடைசியாக, உங்கள் ஊர் சர்வீஸ் ஷாப்புக்கு ஒரு ஃபோன் போடுங்கள்: "இந்த நிறுவனத்தின் கிளெய்மை ஏற்பீர்களா? வேறு டீலரிடம் வாங்கிய வண்டியைப் பார்ப்பீர்களா?" இரண்டுக்கும் "ஆமாம்" வராவிட்டால் ஒப்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் நன்றி. மாதிரிப் பிரதி வாங்கிவிட்டேன். பட்டியல் வகை, டிடக்டிபிள் ஒவ்வொரு பாகத்துக்கும். எடுக்கவில்லை. ஒரு சந்தேகம்: நண்பர் ஒருவர் இதே மாதிரி ஒன்றில் போன வாரம் கையெழுத்துப் போட்டுவிட்டார், கடனோடு சேர்த்து. திரும்பப் பெற வழி உண்டா?

சக்கரம்:
உண்டு. ரத்து செய்யும் பிரிவைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சில நாட்களுக்குள், கிளெய்ம் எதுவும் செய்யாமல் ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்பக் கிடைப்பது வழக்கம். நாள் கணக்கு மாநிலத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. அதன் பிறகு என்றால் மீதிக் காலத்துக்கு ஏற்ற பங்கு, அதில் ஒரு கட்டணம் கழியும். எழுத்து மூலம், பதிவுத் தபாலில் டீலருக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் தனித்தனியே அனுப்பட்டும். டீலரிடம் வாயால் சொன்னது செல்லாது. பணம் நேராகக் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும். மாதத் தவணை பெரும்பாலும் குறையாது, அசல் குறைந்து கடன் சீக்கிரம் முடியும். அசலில் வரவு வைத்திருக்கிறார்களா என்று அடுத்த ஸ்டேட்மென்டில் பார்க்கச் சொல்லுங்கள்.