ஓராண்டு வாசிப்பு: மந்திரவாதி, மருத்துவர், பஞ்ச அதிகாரி

இவ்வாண்டு நான் வாசித்தவற்றுள் ஒரு மிகைபுனைவு வரிசையும், ஒரு மருத்துவ நூலும், ஒரு வரலாற்று நூலும் மற்ற அனைத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டன. இவற்றை நான் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆயினும், கையில் ஆற்றல் உள்ள ஒருவர் அதை எங்கே செலுத்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்வியை மூன்றும் தத்தம் வழியில் எழுப்பியதால், ஒன்றை வாசிக்கும்போது மற்றது நினைவில் எழுந்துகொண்டே இருந்தது.

முதலாவது, அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' வரிசை. 1968இல் வெளியான முதல் நாவலில், ஓகியன் என்னும் பெரிய மந்திரவாதியிடம் கெட் என்னும் சிறுவன் மாணவனாகச் சேர்கிறான். வழியில் மழை பிடித்துக்கொள்கிறது. மேகத்தை ஒரு சொல்லால் விலக்கக்கூடிய குரு அவ்வாறு செய்யாமல், மரத்தடியில் படுத்துக்கொண்டு மழையைப் பெய்ய விடுகிறார். சிறுவனுக்கு அது விளங்கவில்லை. பயன்படுத்தாத ஆற்றலால் என்ன பயன் என்று அவன் வெகுள்கிறான். அந்த வெகுளியே பின்னர் ரோக் தீவின் பள்ளியில், சக மாணவனை வெல்லும் செருக்கில், இறந்தவரை அழைக்கும் மந்திரத்தை உச்சரிக்கச் செய்கிறது. அதனால் திறந்த பிளவை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதி தம் உயிரையே கொடுக்க நேர்கிறது. போரும் அரியணையுமாக விரியும் வேறொரு நெடுந்தொடரை இவ்வாண்டு பாதியில் நிறுத்திவிட்டேன். அதில் எவருடைய ஆற்றலுக்கும் விலை இருக்கவில்லை. லெ குவின் 1990இல் எழுதிய 'டெஹானு'வில், ஆற்றல் முழுவதையும் இழந்த கெட் ஆடு மேய்க்கிறான். பரபரப்பான நிகழ்ச்சிகள் குறைவு என்று சிலர் அந்நாவலை ஒதுக்குவதுண்டு. எனக்கோ அவ்வரிசையில் அதுவே மிக உயர்ந்த படைப்பாகப் படுகிறது.

சித்தார்த்த முகர்ஜியின் 'தி எம்பரர் ஆஃப் ஆல் மாலடீஸ்' (2010) புற்றுநோயின் வரலாறு. வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்கு மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள தசைகளையும் அகற்றினால்தான் நோய் திரும்பாது என்று நம்பினார். அவருடைய வழிவந்தவர்கள் இன்னும் அகலமாக வெட்டினார்கள். இவ்வளவு வெட்டுவது தேவைதானா என்பதை முறையாகச் சோதிக்கும் பெருஞ்சோதனையை பெர்னார்ட் ஃபிஷர் என்னும் அமெரிக்க மருத்துவர் 1971இல் தொடங்கியபோது, அறுவை மருத்துவர்களே அதை எதிர்த்தார்கள். அளவான சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவுக்குப் பிழைத்தார்கள் என்று முடிவு வந்தது. அதற்குள் எத்தனை பெண்களின் தோளும் கையும் தேவையின்றி முடமாயின என்று எண்ணி, அந்த அத்தியாயத்தை ஒரே மூச்சில் வாசிக்க முடியாமல் பலமுறை மூடி வைத்தேன்.

அதே நூலில் வேறொரு வகை மருத்துவரும் வருகிறார். பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைக் கொடுத்தார்; நோய் தணியாமல் இன்னும் விரைந்தது. அதைக் கண்டு, அமிலத்தின் செயலைத் தடுக்கும் மருந்தைத் தேடினார். அமினோப்டெரின் என்ற அம்மருந்தை உருவாக்கித் தந்த குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948இல் வெளியான கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 'தற்காலிகமாக' என்பதை ஃபார்பர் மறைக்காமல் எழுதினார். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார். அவருடைய பெயரை நம் பாடநூல்களில் நான் கண்டதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

வரலாற்று நூலுக்கு என்னைக் கொண்டுசென்றது ஜெயமோகனின் 'வெள்ளை யானை'. தாது வருஷப் பஞ்சக் (1876–78) காலத்துச் சென்னையையும் அங்கிருந்த ஐஸ் ஹவுஸ் தொழிலாளர்களையும் பற்றிய அந்நாவலை முடித்ததும், மைக் டேவிஸின் 'லேட் விக்டோரியன் ஹோலோகாஸ்ட்ஸ்' (2001) நூலை எடுத்தேன். ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1874இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவர். அதற்காக, அளவுக்கு மீறிச் செலவிட்டார் என்று கண்டிக்கப்பட்டவர். அதே மனிதர் 1877இல் சென்னை மாகாணத்திற்குப் பஞ்ச அதிகாரியாக வந்தபோது, நிவாரணப் பணியில் கல்லுடைத்து மண் சுமந்த ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று குறைத்தார். காப்பாற்றத் தெரிந்தவர், காப்பாற்றியதற்காகப் பழி சுமந்தபின், கணக்கைக் காப்பாற்றினார். டேவிஸ் தரும் அட்டவணையில் அந்த உணவுப்படி 1,627 கலோரி. நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் தரப்பட்டது 1,750 கலோரி. பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரியில், விக்டோரியாவை இந்தியப் பேரரசியாக அறிவித்த தில்லி தர்பாரில் 68,000 பேருக்கு விருந்து நடந்தது. இரயில் பாதைகள் தானியத்தைப் பசித்த ஊர்களுக்குக் கொண்டுவந்ததைவிட, அங்கிருந்து கிடங்குகளுக்கு எடுத்துச் சென்றது மிகுதி என்கிறார் டேவிஸ். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச நிவாரணப் பணியில் வெட்டப்பட்டது.

இதே நூல் அறிவியலுக்கும் இடம் தருகிறது. மழை ஏன் பொய்த்தது என்ற தேடலில், இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் பெருங்கடலின் காற்றழுத்த ஏற்ற இறக்கத்திற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, அதற்குத் தென் அலைவு என்று பெயரிட்டார். (1913இல் இராமானுஜனின் கணிதத்தைப் பார்த்து, அவருக்கு உதவித்தொகை தருமாறு பரிந்துரைத்தவரும் இவரே.) வானத்தின் காரணத்தையும் ஆட்சியின் காரணத்தையும் டேவிஸ் ஒன்றோடொன்று குழப்பவில்லை, மழை பொய்த்தது இயற்கையால், மக்கள் மடிந்தது ஆட்சியால் என்று காட்டுகிறார். சில இடங்களில் அவருடைய சினம் வாதத்தை முந்திவிடுகிறது என்றாலும், அடிப்படையை ஏற்கிறேன்.

டெம்பிள் குறைத்த உணவுப்படி உயிர்வாழப் போதாது என்று வெளிப்படையாக வாதிட்டவர், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ். அவரைப் பற்றி மேலும் அறிவதற்காக, அப்போது சென்னையில் பத்திரிகை ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் இரு தொகுதிகளாக எழுதிய பஞ்ச வரலாற்றை இப்போது தொடங்கியிருக்கிறேன்.